தகரம் அடித்த ஜன்னல்

ஜன்னலைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கியவள் நான். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் கண்டியில் ஒரு சுகாதாரத் திட்டத்தில் எனக்கு வேலை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்களைப் பிடித்து உட்கார வைத்து, பெரிய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்ட வேண்டும். முதல் படத்தில் ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு அடுப்பு ஊதுவாள். வீடு முழுக்கப் புகை. இரண்டாவது படத்தில் அவளுடைய நுரையீரல், கரிச்சட்டி நிறத்தில். மூன்றாவதில் அதே வீடு. ஜன்னல் திறந்திருக்கும், அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கும், தாய் சிரித்துக்கொண்டு சமைப்பாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எந்த லயத்திலும் யாருக்கும் விளங்கவில்லை. "வேல முடிஞ்சு வந்து ஒல வைக்கையில யாருக்கும்மா சிரிப்பு வருது?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

நான் விடமாட்டேன். ஜன்னல் இருந்தால் காற்று, காற்று இருந்தால் ஆயுள் என்று நீட்டி முழக்குவேன். அந்த நாட்களில் எங்கள் சொந்த வீட்டு ஜன்னலில் தகரம் அடித்திருந்தது. அந்தத் தகரத்துக்குள்ளே என் அம்மா பதினைந்து வருடமாகப் புகை குடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் வீடு கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பன்னிரண்டு காம்பரா கொண்ட லயத்தின் கடைசிக் காம்பரா. லயத்தில் குடியிருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், வாசலுக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஆளுக்கும் நாய்க்கும் வாசல் ஒன்றுதான் வழி. கடைசிக் காம்பராவுக்கு மட்டும் ஒரு பக்கச் சுவர் வெளியே பார்த்திருக்கும். அந்தச் சுவரில் எங்களுக்கு ஒரு ஜன்னல் இருந்தது.

அந்த ஜன்னலுக்காகவே அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு நாலு நாள் நடந்து அந்தக் காம்பராவைக் கேட்டு வாங்கினாளாம். லயத்தில் அவளுக்குப் பேரே ஜன்னல்காரி. நின்று பார்த்தால் கீழே ரோடும், ரோட்டில் பேராதனைக்குப் போகிற பஸ்ஸும் தெரியும். அடுத்த வீட்டுப் பெண்கள் பஸ் வருகிறதா என்று எங்கள் வீட்டுக்குள் வந்துதான் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் கூட இருந்தது என்று நினைக்கிறேன். அவளுக்குத் தலைக்கனம் கொள்ள வேறு என்ன இருந்தது?

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அந்த ஜன்னல் வழியாகத்தான் கல் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற ஒற்றையடிப்பாதை எங்கள் பக்கச் சுவரை ஒட்டித்தான் வரும். தமிழ்ச் சனங்களைத் தேடி வந்த கலவரக் கூட்டம் அந்தப் பாதையில் ஏறியது. முதலில் கல், பிறகு மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திய துணி. துணி பாயில் விழுந்து பாய் பிடித்துக்கொண்டது. அப்பா ஈரச் சாக்கைப் போட்டு மிதித்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் வழியாகத் தேயிலைக்குள் ஓடினாள். மூன்று நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தோம். திரும்பி வந்தபோது மேல் லயத்தில் நாலு காம்பரா எரிந்து கூரை இல்லாமல் நின்றது. எங்களுடையதில் பாயும் ஜன்னல் கதவும்தான் போயிருந்தன. எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அப்பா எங்கிருந்தோ ஒரு தார்ப் பீப்பாய்த் தகரத்தைத் தட்டி விரித்துக் கொண்டுவந்து ஜன்னலில் அடித்தார். உள்பக்கம் சாக்கு வைத்துக் களிமண் பூசினார். இஸ்தோப்பில் இருந்த அடுப்பு வீட்டுக்குள் வந்தது. இருட்டினால் அடுப்பு வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியக்கூடாது என்று லயமே அப்படித்தான் செய்தது. கலவரம் ஓய்ந்த பிறகும் அடுப்பு வெளியே போகவில்லை. இஸ்தோப்பில் விறகும் கோழிக்கூடும் இடம்பிடித்துவிட்டன. அப்பா பயந்துவிட்டார், அடைத்துவிட்டார். அந்தக் கதை அப்படித்தான் என் மனதில் பதிந்திருந்தது.

எங்கள் விறகு மிலாறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிகளை அப்படிச் சொல்வோம். வெயில் காலத்தில் படபடவென்று எரியும். மழைக் காலத்தில் எரியாது, புகையும். எங்கள் பக்கம் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. அம்மா விடிய நாலரைக்கு ஊதத் தொடங்குவாள். ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுவாள். மாலையில் மறுபடியும் ஊதுவாள். புகை கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்கள் தலைக்குத்தான் இறங்கும். போதாததற்கு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

முதலில் அம்மாவுக்கு இருமல். பிறகு இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். வயிற்றுவலிக்கும் அதே சிவப்புதான். நான் பெரிய வகுப்புக்குப் போகிற காலத்தில் அம்மா படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டாள். படுத்தால் மூச்சு நிற்கிறது என்று சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவாள். அம்மா ஒரு நாளாவது கால் நீட்டிப் படுக்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

படித்தேன். கண்டியில் ஒரு போர்டிங்கில் தங்கி வேலைக்குப் போனேன். எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர். முன்பு தாதியாக இருந்தவர். கோபம் வந்தாலும் குரல் உயராது, அதுதான் பயம். முதல் வாரமே எங்கள் எட்டுப் பேரையும் கதிரையில் இருத்தி வைத்துச் சொன்னார்: "முதல்ல உங்கட உங்கட வீட்டில ஜன்னலைத் திறந்து, அடுப்பைத் திருத்திப் போட்டு வாங்கோ. பிறகுதான் ஊருக்குச் சொல்லலாம், விளங்கிச்சே?" ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவராகக் கேட்டார். என்னிடம் வந்ததும், "ஓம் மிஸ், செய்தாச்சு" என்றேன். அவரைப் போலவே ஓம் போட்டுப் பொய் சொன்னேன். அவர் கொப்பியில் சரி போட்டுக்கொண்டு அடுத்தவளிடம் போனார்.

முயற்சி செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போவேன், ஞாயிறு முழுக்க அப்பாவோடு சண்டை பிடிப்பேன். பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக் கடையில் ஆணி பிடுங்குகிற சுத்தியல் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். நல்ல சுத்தியல் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் ஓர் ஆணி அடித்து அதிலேயே மாட்டி வைத்தார்.

"கரண்ட் வரட்டும் புள்ள. வெளியில ஒரு பல்பு போட்டுட்டா யாரு வர்றா போறான்னு தெரியும். அப்ப தொறந்துருவோம்."

"கரண்ட் எப்ப வரும்?"

"போஸ்ட்டு வந்துருச்சே."

போஸ்ட் வந்திருந்தது உண்மை. ஒரு தேர்தலுக்கு முன்னால் லொறியில் கொண்டுவந்து லயத்துக்குக் கீழே அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நாலு கொங்கிரீட் தூண்களை உருட்டிவிட்டுப் போனார்கள். தேர்தல் முடிந்தது, இன்னொரு தேர்தலும் முடிந்தது. தூண்களைச் சுற்றிப் புல் வளர்ந்தது. பெண்கள் அதில் துணி துவைத்தார்கள், ஆண்கள் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். வேடிக்கை என்னவென்றால் தேயிலை பெக்டரிக்குப் போகிற மின்கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் போகும். மழை நாளில் அது உர்ரென்று இரைவது படுத்திருந்தால் கேட்கும். கொழுந்துக்கு இருந்த மரியாதை கொழுந்து பறிக்கிறவளுக்கு இல்லை. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது கை தட்டினார்கள். கை தட்டி என்ன?

அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். "ஒங்க பயத்துக்கு அம்மாவப் புகைக்குள்ள போட்டுக் கொல்றீங்க." அவர் பதில் பேசவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "அவர ஒண்ணும் சொல்லாத" என்றாள். இரண்டு வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

ஒருமுறை அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பாவும் நானும் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஒரு மூடியை மாட்டி, மெஷினில் மருந்தை ஆவியாக இழுக்க வைத்தார்கள். எங்கள் பக்கம் அதற்குப் புகை பிடிக்கிறது என்று பேர். "பொகையால வந்த நோவுக்குப் பொகையே மருந்தா?" என்று அம்மா மூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டாள். அரை மணி நேரத்தில் அவள் முகத்துக்கு நிறம் திரும்பியது. அந்த மெஷின் ஒன்று வீட்டில் இருந்தால், அதைச் சொருக ஒரு பிளக் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் சிங்களவர், இளம் பையன், நல்ல மனிதன். நான்தான் நடுவில் நின்று மொழி மாற்றிச் சொன்னேன். விறகு அடுப்பா என்று கேட்டார். ஆமாம். வீட்டுக்குள்ளேயா? ஆமாம். ஜன்னல் இருக்கிறதா?

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "இருக்குங்க" என்றாள்.

என் சட்டையில் திட்டத்தின் அடையாள அட்டை குத்தியிருந்தது. அதில் ஒரு திறந்த ஜன்னல் படம் வேறு. நான், "தியனவா டொக்டர்" என்றேன். இருக்கிறது என்று அர்த்தம். அவர் எழுதிக்கொண்டார். ஒரே மாதிரியான பொய்யை இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையை விடச் சுலபம்தான்.

பிறகு கண்டி நகரத்துக்குள் குண்டு வெடித்த வருடம் வந்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பேர் உள்ள அடையாள அட்டையோடு டவுனில் நடப்பதே ஒரு வேலையாகிவிட்டது. யாழ்ப்பாணத்து மிஸ்ஸை இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்தார்கள். அவர் வந்து ஒன்றும் நடவாதது போலக் கொப்பியைத் திறந்தார். தோட்டங்களிலும் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் லயத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் அன்று வீட்டில் இருந்தேன்.

ஆண்களை எல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்துவிட்டு வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் காம்பராவுக்குள் வந்தவர்களின் கண் நேரே ஜன்னலுக்குத்தான் போனது. தகரம், அதற்கு மேல் களிமண், அதற்கு மேல் பதினைந்து வருடக் கரி. வெடிச்சாமான் ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் எது? பொறுப்பாக வந்த அதிகாரி அப்பாவைக் களத்திலிருந்து கூட்டிவரச் சொன்னார். ஏன் அடைத்து வைத்திருக்கிறாய், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் நான் வாயைத் திறந்தேன். உன்னைக் கேட்கவில்லை என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்:

"லமயா பயய்."

பிள்ளைக்குப் பயம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

"கோ லமயா?" என்றார் அதிகாரி. எங்கே பிள்ளை?

அப்பா கையை நீட்டவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்து நாலு வயது, மடிப்பு வைத்து உடுத்த சேலை, கையில் மணிக்கூடு. ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. தன்னைக் கேலி செய்வதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நானோ அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, இவருக்குப் பொய் சொல்லும் அளவுக்குச் சிங்களம் தெரியாதே என்றும் நினைத்தேன்.

அலவாங்கால் நெம்பினார்கள். களிமண் கட்டி கட்டியாக விழுந்தது, சாக்கு மக்கிப் பொடியாக உதிர்ந்தது, கரப்பான்கள் நாலு பக்கமும் ஓடின. தகரம் வெளியே போய் விழுந்ததும் வெயில் நேரே உள்ளே வந்து எதிர்ச் சுவரில் அடித்தது. அந்தச் சுவரை நான் அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலிருந்து கீழே வரை கரி வழிந்து, காய்ந்து, அதன் மேல் மறுபடியும் வழிந்திருந்தது. நான் தூக்கித் திரிந்த இரண்டாவது படம் அந்தச் சுவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதிகாரியும் சற்று நேரம் அதைத்தான் பார்த்தார். ஜன்னலுக்குள் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் விசாரணைக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று மத்தியானம் அம்மா கொட்டிக் கிடந்த மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பிடித்து உட்கார வைத்து, அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீதானே மூடச் சொன்ன. தேயிலையில இருந்து வந்ததுக்கு அப்புறம் எட்டு நாளு நீ சோறு திங்கல. அந்தச் செவத்துல முதுக வச்சிக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்த. கண்ணு மூட மாட்ட. மூடுங்க மூடுங்கன்னு ஒரே சத்தம். ஒங்கப்பா மூணு மைலு நடந்து போயி தகரத்தத் தலையில வச்சிக்கிட்டு வந்தாரு. அடிச்சு முடிச்ச ஒடனே நீ தூங்கின பாரு, ரெண்டு நாளு."

"அப்புறம் நானேதானே தொறங்க தொறங்கன்னு சண்ட போட்டேன்?"

"அது ஒன் படிப்பு சொன்னது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ பத்தாவது படிக்கையில ஒருதரம் கழட்டினாரு. அன்னைக்கு நீ தூக்கத்துல எந்திரிச்சு போயி இஸ்தோப்புல நின்ன. கூப்பிட்டாலும் கேக்கல. காலையில கேட்டா ஒண்ணும் தெரியலன்ன. மறுபடியும் அடிச்சிட்டாரு. இப்பவும் லீவுல வந்தா நீ எங்க படுக்கிற? ஜன்னல் பக்கமா ஒரு நாளாச்சும் படுத்திருக்கியா? வெளியில வெளிச்சம் இருந்தா ஒனக்குப் பயம் போயிரும்னுதான் அவரு கரண்ட் கரண்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் என் பாய் எப்போதும் வாசல் மூலையில்தான் கிடக்கும், முகம் ஜன்னலைப் பார்த்தபடி. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. வேலை கிடக்கிறது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும் ஜன்னல் திறந்தே கிடந்தது. புகை அடுப்பிலிருந்து எழுந்து, என் படத்தில் போட்டிருந்தது போலவே, நேராக வெளியே போனது. அம்மா கால் நீட்டிப் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில், "ஒடம்பெல்லாம் லேசா இருக்கு" என்று சொல்லித் தனியாகப் பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆசைப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. அப்பாவை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவை நினைத்தால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலை.

மூன்றாம் நாள் பின்னேரம் கணக்கப்பிள்ளை போய்க் கையெழுத்து வைத்து அப்பாவைக் கூட்டிவந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பல்லு வலி என்றார். அம்மா வெந்நீர் வைத்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே பாதை மங்கியது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நகர்ந்திருக்கிறேன்.

அம்மா அதைப் பார்த்தாள். அப்பாவிடம் சொன்னாள்: "ரெண்டு நாளா புள்ள தூங்கல. மூடிருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் அப்பா, திறந்தே இருக்கட்டும், பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை தெரியும்! தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னவள்தானே. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த சுத்தியலைச் சுவரிலிருந்து எடுத்தார். வெளியே கிடந்த தகரத்தைத் தூக்கி வந்தார். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, ஒவ்வொன்றாக அவர் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மார்கழியில் அம்மா போய்விட்டாள். அடை மழை, முதல் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கண்டியில் இருந்தேன். செய்தி வந்தபோது படங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஓம் போட்டுச் சொன்ன பொய் உட்பட. அவர் என்னைத் தோட்டங்களுக்கு அனுப்பாமல் கந்தோரிலேயே எழுத்து வேலையில் இருத்தினார். அதை நான் தண்டனையாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தத் தூண்களை நட்டார்கள். கரண்ட் வந்துவிட்டதாக அப்பா ஆள் அனுப்பினார். அந்தச் சனிக்கிழமையே போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாதையில் ஏறும்போதே கடைசிக் காம்பராவின் பக்கச் சுவரில் ஒரு பல்பு எரிவது தெரிந்தது. பட்டப்பகல், மணி மூன்று. எனக்குக் காட்டுவதற்காகப் போட்டு வைத்திருந்தார். அதற்குக் கீழே ஜன்னல் திறந்திருந்தது. புதிதாகப் பலகைக் கதவு போட்டு நீலச் சாயம் அடித்திருந்தார். கரி படிந்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தார். கரி அதற்குள்ளும் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. தகரத்தை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் குடித்தோம். வெயில் சாய்ந்து, பாதையில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"பயமா இருந்தாச் சொல்லு புள்ள. மூடிருறேன்."

பாயை எடுத்து ஜன்னலுக்குக் கீழே, அம்மா சாய்ந்து உட்காரும் இடத்தில் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.